அணுவின் உள்ளே தமிழ் நுழையுமா?

(தனித்தமிழ் அன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



சில கிழமைகளுக்கு முன்னர்க் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நண்பர் ஒருவரோடு உரையாடிக்கொண்டிருந்தேன். நல்லவர், கற்றவர், தமிழ்ப்பற்றும் உடையவர். பேச்சினிடையே அவர் சொன்னார்: "ஐயா, தமிழில் பாட்டெழுதலாம், கதை எழுதலாம், நெம்புகோலையும் நீராவிப் பொறியையும்கூட விளக்கிவிடலாம். ஆனால், அணுவின் உள்ளே நடப்பதைக் கூறும் அறிவியல் இருக்கிறதே, அதற்குள் தமிழ் நுழையாது. அது வேறு உலகம்."

அவருக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. சினந்து சொல்லும் விடை விடையாகாது. தமிழால் முடியும் என்று நூறுமுறை முழங்குவதினும் ஒருமுறை செய்து காட்டுவதே மேல். ஆகையால், அவர் சொன்ன அந்த வேறு உலகத்தைப் பற்றியே இன்று உங்கள்முன் தமிழிற் சொல்லப் போகின்றேன். தமிழ் நுழைந்ததா, வாயிலிலேயே நின்றுவிட்டதா என்பதை முடிவில் நீங்களே கூறுங்கள்.

முதற்கண் அதன் பெயர். ஆங்கிலத்தில் அதனைக் 'குவாண்டம் மெக்கானிக்சு' என்கின்றனர். குவாண்டம் என்பது இலத்தீனச் சொல். கேட்டவுடன் ஏதோ மறைமொழி என்று மருண்டுவிடாதீர்கள். அதன் பொருள் 'எவ்வளவு' என்பதே. சந்தையிற் கத்தரிக்காய்க் கூடைமுன் நின்று நாம் கேட்கின்றோமே, அதே 'எவ்வளவு'தான்! அதனை இலத்தீனத்திற் கேட்டால் அறிவியல், தமிழிற் கேட்டால் சந்தைப் பேச்சு என்று கருதுவது அடிமை மனத்தின் அடையாளம். நம் அறிஞர்கள் இதற்குக் குவையம் என்றும் துளிமம் என்றும் சொற்கள் ஆக்கியுள்ளனர். நான் துளிமம் என்பதை எடுத்தாள்கின்றேன். இச்சொல் பொருந்துமா என்பதைப் பொருளை அறிந்தபின் எண்ணிப் பார்ப்போம்.

துளித்துளியாய் வரும் ஆற்றல்

கொல்லன் உலையிற் காயும் இரும்பைக் கண்டிருப்பீர்கள். முதலிற் செந்நிறம், பின்னர் மஞ்சள், வெப்பம் ஏற ஏற வெண்மை. காய்ந்த பொருளொன்று எந்தெந்த நிற ஒளியை எவ்வெவ்வளவு உமிழும் என்பதற்கு 19ஆம் நூற்றாண்டின் இயற்பியல் சரியான விடை தரவில்லை. அக்கால நெறிகளை அப்படியே கொண்டு கணக்கிட்டால், ஊதாவுக்கும் அப்பாற்பட்ட ஒளி எல்லையின்றி வெளிப்பட்டாக வேண்டும். எந்த உலையிலும் அவ்வாறு நிகழ்வதில்லை.

1900ஆம் ஆண்டு திசம்பர் 14ஆம் நாள் பெர்லினிற் கூடிய இயற்பியலார் அவையில் மாக்சு பிளாங்கு என்னும் செருமானிய அறிஞர் ஒரு புதுக்கருத்தை முன்வைத்தார். ஆற்றலானது ஆற்றுநீர்போல் இடையறாது ஒழுகுவதாகக் கொள்ளாமல், துளித்துளியாகவே கொடுக்கவும் வாங்கவும்படுவதாகக் கொண்டால் கணக்குச் சரியாக வருகின்றது என்பதே அக்கருத்து. ஒரு துளியின் அளவு யாது? ஒளியின் அதிர்வெண்ணை ஒரு மாறாத எண்ணாற் பெருக்கினால் வருவதே அது. அம்மாறாத எண்ணைப் பிளாங்கு மாறிலி என்கின்றனர். மீட்டர், கிலோ, நொடி ஆகிய அளவுகளில் அதனை எழுத வேண்டுமானால், பதின்மப் புள்ளியை இட்டு, அதன்பின் 33 சுழிகளை எழுதி, அதன்பின் 6626 என்று எழுத வேண்டும். அவ்வளவு சிற்றெண்! ஆயினும் அதன் பெருமையைப் பாருங்கள். பாரிசு நகரின் அருகே பேழையில் வைத்துக் காத்துவந்த மாழைக் கட்டியைக் கொண்டே முன்னர்க் கிலோவின் அளவை வரையறுத்து வந்தனர். 2019 மே 20 முதல் அக்கட்டியைக் கைவிட்டு, இம்மாறிலியைக் கொண்டே கிலோவை வரையறுக்கின்றனர்.

ஒளி துளித்துளியாய் வருமாயின் நம் கண்ணுக்கு ஏன் அது தெரிவதில்லை? ஒரே ஒரு வாட்டு அளவான பச்சை ஒளியில் நொடிதோறும் ஏறத்தாழ 27,000 கோடி கோடித் துளிகள் வருகின்றன. தொலைவில் நின்று மழைத் தாரையைக் காண்பவனுக்கு வெள்ளிக்கம்பி தெரியுமேயன்றித் துளி தெரியாது. அதனைப் போன்றதே இது.

இத்துளிக் கருத்தைக் கணக்குக்கு உதவும் ஒரு வழியாகவே பிளாங்கு கருதினார். 1905இல் ஐன்சுடைன், ஒளியே துளிகளாக இயங்குகின்றது என்று துணிந்து கூறினார். துத்தநாகத் தகட்டின்மேற் சிவப்பொளியை எவ்வளவு மிகுதியாகப் பாய்ச்சினாலும் அதிலிருந்து ஓர் எதிர்மின்னியும் வெளியேறாது. பள்ளி நூல்கள் எலக்ட்ரான் என்று எழுதுவதையே நான் எதிர்மின்னி என்கின்றேன். ஆனால், மங்கலான புறவூதா ஒளி பட்டாலும் எதிர்மின்னிகள் வெளியேறும். ஏன்? கதவுப் பூட்டு ஐந்து உருவாய்க் காசுக்கே திறக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை உருவாய்க் காசுகளை ஒவ்வொன்றாக ஆயிரம் இட்டாலும் அது திறவாது. ஐந்து உருவாய்க் காசு ஒன்று போதும். சிவப்பொளியின் துளி சிறு காசு. புறவூதாவின் துளி பெருங்காசு. இவ்விளக்கத்திற்காகவே ஐன்சுடைனுக்கு 1921ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அணு ஏன் நொறுங்கவில்லை?

இனி அணுவுக்குள் நுழைவோம். 1911இல் இரதர்போர்டு, அணுவின் எடை ஏறத்தாழ முழுவதும் அதன் நடுவே மிகச் சிறிய கருவில் அடங்கியிருப்பதைக் காட்டினார். எவ்வளவு சிறியது? நீரிய அணுவின் கருவை இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள கடுகாகப் பெருக்கினால், அணுவின் அகலம் ஏறத்தாழ 120 மீட்டர் ஆகும். 120 மீட்டர் வெளியின் நடுவே ஒரு கடுகு. அதனைச் சூழ்ந்து ஓர் எதிர்மின்னி!

இங்கே பெருஞ்சிக்கல் எழுந்தது. கதிரவனைக் கோள் சுற்றுவதுபோல் எதிர்மின்னி கருவைச் சுற்றுமாயின், பழைய நெறிப்படி அது ஒளியை உமிழ்ந்து ஆற்றலை இழந்துகொண்டே வந்து கருவில் வீழ்ந்துவிட வேண்டும். நொடியைப் பத்தாயிரங் கோடிக் கூறாக்கினால், ஓரிரு கூறுக்குள் வீழ்ந்துவிடும். அஃதாவது, உலகமே இருக்க முடியாது. ஆனால் உலகம் இருக்கின்றது. நாம் இங்கே அமர்ந்திருக்கின்றோம்.

1913இல் தென்மார்க்கு நாட்டு நீல்சு போர் ஒரு வழி கூறினார். எதிர்மின்னியின் ஆற்றல் எவ்வளவாகவும் இருத்தல் இயலாது; படிக்கட்டுப்போல் குறிப்பிட்ட நிலைகளிலேயே இருக்கும். இப்படியில் நிற்கலாம், அப்படியில் நிற்கலாம். இரண்டுக்கும் இடையில் நிற்றல் இல்லை. மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்கு இறங்கும்போது இடைவேறுபாட்டுக்கு ஈடான ஒளித்துளி வெளிப்படும். அடிப்படிக்குக் கீழே வேறு படியில்லை. ஆகவே அணு நொறுங்குவதில்லை. ஒவ்வொரு தனிமத்தின் ஒளியிலும் அதற்கே உரிய வண்ணக்கோடுகள் தோன்றுவதன் கரணியமும் இதுவே.

தந்தையும் மகனும்

படிகள் ஏன் உண்டாயின? 1924இல் பிரான்சு நாட்டு இலூயி தெ பிராய் ஒரு வினாவை எழுப்பினார். அலை என்று கருதிய ஒளி துகள்போல் நடந்துகொள்ளுமாயின், துகள் என்று கருதிய எதிர்மின்னி அலைபோல் நடந்துகொள்ளலாகாதா? 1927இல் அமெரிக்காவில் தேவிசனும் செர்மரும் நிக்கல் படிகத்தின்மேல் எதிர்மின்னிகளைச் செலுத்தி, அவை அலைபோலவே சிதறக் கண்டனர். அதே ஆண்டில் பிரித்தானியாவில் சார்சு தாம்சனும் அதனைக் காட்டினார். அவர் யார் தெரியுமா? 1897இல் எதிர்மின்னி ஒரு துகள் என்று காட்டிய தாம்சனின் மகன்! தந்தை துகள் என்றார். மகன் அலை என்றார். இருவருமே நோபல் பரிசு பெற்றனர். இருவர் கூற்றும் மெய்.

இது எங்ஙனம் இயலும்? குளத்தில் இரு கற்களை ஒருங்கே எறிந்தால் இரண்டு அலை வட்டங்கள் எழுந்து ஒன்றோடொன்று கலக்கும். மேடும் மேடும் கூடினால் பெருமேடு. மேடும் பள்ளமும் கூடினால் அமைதி. இரு வழிகளாற் செல்லும் எதிர்மின்னிக் கற்றையும் அப்பாலுள்ள திரையில் இவ்வாறே செறிவும் வெறுமையுமாக மாறிமாறி வரிகளை இடுகின்றது. சரி, எதிர்மின்னிகள் ஒன்றோடொன்று மோதி இவ்வரிகளை உண்டாக்குகின்றனவோ என்று ஐயுறலாம். சப்பானிய அறிஞர் தோனோமுராவும் அவர் குழுவினரும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், கருவிக்குள் ஒரு நேரத்தில் ஓர் எதிர்மின்னிக்கு மேல் இருத்தல் அரிது என்னுமளவுக்குக் கற்றையைக் குறைத்தனர். திரையில் ஒரு புள்ளி தோன்றியது. பிறகு வேறோரிடத்தில் இன்னொரு புள்ளி. முதலிற் சிதறிய மணல்போல் ஒழுங்கின்றித் தெரிந்தது. புள்ளிகள் பல்லாயிரமானபோது வரிகள் தாமே தோன்றின! ஒவ்வொன்றும் தனித்தே வந்தது. துகளாகவே திரையைத் தொட்டது. ஆயினும் எல்லாம் சேர்ந்து அலையின் வரியை எழுதின. எந்த வழியாகச் சென்றது என்று இடையே கண்டறியும் ஏற்பாட்டைச் செய்தாலோ, வரிகள் மறைந்துவிடுகின்றன.

இவ்வலை எதன் அலை? நீரின் அலையன்று, காற்றின் அலையன்று. 1926இல் சுரோதிங்கர் இவ்வலைக்குரிய சமன்பாட்டை எழுதினார். அதே ஆண்டில் மாக்சு பார்ன் அதன் பொருளைக் கூறினார். எதிர்மின்னி எங்கே காணப்படக்கூடும் என்னும் நிகழ்தகவையே அவ்வலை குறிக்கின்றது. அடுத்த புள்ளி எங்கே விழும் என்று எவராலும் சொல்லவொண்ணாது. நூறாயிரம் புள்ளிகள் எவ்வாறு பரவும் என்பதைத் துல்லியமாகச் சொல்லலாம்.

சொல்லும் பொருளும்

1927இல் ஐசன்பர்க்கு கூறிய நெறி இதனினும் ஆழமானது. ஒரு துகளின் இடத்தை எவ்வளவுக்கு எவ்வளவு நெருக்கி வரையறுக்கின்றோமோ, அவ்வளவுக்கு அவ்வளவு அதன் உந்தத்தின் வரையறை தளர்ந்துவிடும். எதிர்மின்னி ஒன்றை அணுவளவு இடத்தில், அஃதாவது மீட்டரில் ஆயிரங் கோடியில் ஒரு பங்கில், அடக்கினால் அதன் விரைவில் நொடிக்கு ஏறத்தாழ 580 கிலோமீட்டர் அளவுக்குக் குறையாத தளர்ச்சி உண்டாகும். பத்துக் கிராம் கோலிக்குண்டுக்கும் இந்நெறி உண்டு. ஆனால், அதன் இடத்தை மீட்டரில் பத்து நூறாயிரத்தில் ஒரு பங்கு வரை வரையறுத்தாலும், அதனால் நேரும் விரைவுத் தளர்ச்சி, இப்பேரண்டத்தின் அகவையாகிய 1,380 கோடி ஆண்டுகளில் அக்குண்டை மீட்டரில் நூறு கோடியில் இரண்டு பங்கு தொலைவே நகர்த்தும். ஆகவேதான் கோலியாடும் சிறுவன் ஐசன்பர்க்கை அறியவேண்டியதில்லை.

இந்நெறிக்கு நம் நூல்கள் சிலவற்றில் 'நிச்சயமின்மை' என்று பெயரிட்டுள்ளனர். நிச்சயம் வடசொல் என்பதனால் நாம் அதனை மறுப்போம். அதனினும் பெரிய குறை ஒன்று அச்சொல்லில் உண்டு. அதனைக் காணத் தவறுகின்றோம். 'நிச்சயமின்மை' என்றால், எதிர்மின்னிக்கு இடமும் உந்தமும் துல்லியமாக இருக்கின்றன, நமக்குத்தான் தெரியவில்லை என்று மாணாக்கன் கருதுவான். ஐசன்பர்க்கும் போரும் கொண்ட பொருள் அதுவன்று. அவ்விரண்டும் ஒருங்கே துல்லியமாக வரையறுக்கப்பட்ட நிலையே இல்லை என்பதே அவர்கள் கருத்து. ஐசன்பர்க்கே தம் செருமானிய மொழியில் துல்லியமின்மை என்னும் பொருளுடைய சொல்லையும், வரையறைப்படாமை என்னும் பொருளுடைய சொல்லையும் மாறிமாறி எழுதினார். ஆகவே 'வரையறாமை' என்று நாம் சொன்னால், தூய தமிழும் ஆகும், பொருளும் செம்மையுறும். வடசொல்லை நீக்கிய இடத்தில் பொருளறியாது ஒரு தமிழ்ச்சொல்லை நட்டால், தூய்மை வரும், அறிவு வாராது. பொருளை அறிந்தவனே பெயரிடத் தக்கவன்.

துளிமம் என்னும் சொல்லையும் அவ்வாறே ஆய்வோம். நீர்த்துளியை இன்னும் சிறு துளிகளாகப் பிரிக்கலாம். ஒளித்துளியைப் பாதியாக அதே நிறத்தில் வாங்க இயலாது. எனவே துளி என்னும் உவமை ஓரிடம் வரை வந்து நின்றுவிடுகின்றது. கிரேக்கச் சொல்லாகிய 'ஆட்டம்' என்பதன் பொருள் 'பிளக்கவொண்ணாதது'. அணு பிளக்கப்பட்ட பின்னும் அப்பெயர் வழங்குகின்றதே! பெயர் ஒரு கைகாட்டி, ஊர் அன்று.

சுவரைக் கடக்கும் துகள்

இவையெல்லாம் ஏட்டுச் செய்திகள் அல்ல. மேட்டின்மேல் உருட்டிய பந்துக்கு மேட்டைக் கடக்கும் ஆற்றல் இல்லையெனின் அது திரும்பி வந்துவிடும். அணுவுலகின் அலை, மேட்டின் உள்ளும் சிறிது புகுகின்றது. மேடு மெல்லியதாயின் மறுபுறத்திலும் எட்டிப் பார்க்கின்றது. ஆகவே, கடக்கும் ஆற்றலில்லாத துகளும் சிற்சிலபோது மறுபுறத்திற் காணப்படுகின்றது. உரேனியக் கருவிலிருந்து ஆல்பாத் துகள் வெளியேறுவது இவ்வாறே என்று 1928இல் காமோவும், தனியே கர்னியும் காண்டனும் காட்டினர். உரேனியம் 238இல் பாதி அழிய ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் ஆகும். எந்த அணு இன்று அழியும், எது காத்திருக்கும் என்பதற்கு அடையாளம் ஒன்றுமில்லை. அணுவுக்கு மூப்பு இல்லை.

கதிரவனின் நடுவே வெப்பம் ஏறத்தாழ 1.5 கோடிப் பாகை. அவ்வெப்பத்திலும், இரண்டு நேர்மின்னிகள் தம் எதிர்ப்பை வென்று ஒன்றுசேரப் பழைய நெறிப்படி ஆற்றல் போதாது. மேட்டினூடே கடக்கும் இத்திறத்தினாலேயே அவை சேர்கின்றன. கதிரவன் எரிகின்றது, நெல் விளைகின்றது, நாம் உண்கின்றோம். நம் உலையிற் கொதிக்கும் சோற்றுக்கும் துளிம இயங்கியலுக்கும் உள்ள உறவு இது!

எல்லா மொழியும் நின்ற வாயில்

அன்பர்களே, நண்பர் கூறியதற்கு இப்போது விடை சொல்கின்றேன். எதிர்மின்னி பந்தன்று, குளத்து அலையுமன்று. அதற்குரிய சொல் தமிழில் இல்லை என்பது மெய்யே. ஆனால் செருமானியத்தில் இருந்ததா? ஆங்கிலத்தில் இருக்கின்றதா? மாந்தர் மொழிகள் யாவும் கல்லையும் நீரையும் மரத்தையும் கண்டு பிறந்தவை. அணுவின் வாயிலில் அவை அனைத்தும் ஒருபோலத் தடுமாறின. அத்தடுமாற்றத்தைத் தமிழின் குறை என்பது எவ்வகை முறை? இதனை நன்கு உணர்ந்த போர், அணுவுலகம் எவ்வளவு புதிதாயினும், ஆய்வில் என்ன செய்தோம், என்ன கண்டோம் என்பதை மாந்தர் பேசும் பொதுமொழியிலேயே ஒருவர்க்கொருவர் சொல்லியாக வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார். பொதுமொழி எது? தெருவிலும் வீட்டிலும் வழங்குவது. நமக்கு அது தமிழ்.

1964இல் கெல்மன் முன்மொழிந்த, நேர்மின்னியின் உள்ளே இருக்கும் குவார்க்குகளுக்குப் பின்னர் ஆறு வகை கண்டனர். அவற்றிற்கு மேல், கீழ், விந்தை, கவர்ச்சி, அடி, முடி என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர்களை இட்டனர். அவ்வகைகளைச் 'சுவை' என்றனர். அவற்றின் வேறொரு பண்பை 'நிறம்' என்றனர். நாவுக்குச் சுவையுமில்லை, கண்ணுக்கு நிறமுமில்லை! தம் வீட்டுச் சொற்களை எடுத்து அவர்கள் அச்சமின்றி ஆண்டனர். நாம் நம் வீட்டுச் சொல்லுக்கு நாணுகின்றோம்.

சப்பானியரைப் பாருங்கள். அவர்கள் குவாண்டம் என்னும் ஒலியைக் கடன்வாங்காமல், அளவு என்னும் பொருளுடைய எழுத்தைக் கொண்டு தம் சொல்லை அமைத்துக்கொண்டனர். தோமொனாகா என்னும் அறிஞர் எதிர்மின்னியும் ஒளியும் உறவாடும் நெறியைப் பற்றிய தம் அடிப்படைக் கட்டுரையை 1943இற் சப்பானிய மொழியிலேயே வெளியிட்டார். ஆங்கில வடிவம் 1946இல்தான் வந்தது. 1965இல் அத்துறைக்கான நோபல் பரிசைப் பெற்ற மூவருள் அவரும் ஒருவர்.

நம் மண்ணிலும் ஆற்றல் இல்லாமலில்லை. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த இராமன் 1928இற் கொல்கத்தாவில், ஒளித்துளி மூலக்கூறிற் பட்டுத் தன் ஆற்றலிற் குறிப்பிட்ட பங்கை ஈந்து நிறம் மாறி வெளிவருவதைக் கண்டார். 1930இல் நோபல் பரிசு பெற்றார். அச்செய்தியை உலகம் ஆங்கிலத்தில் அறிந்தது. குறை அவருடையதன்று, அக்காலக் கல்வி முறையினது. ஆயின், இன்றும் சிற்றூர்ப் பள்ளியில் தமிழில் அறிவியல் கற்ற நம் பிள்ளை, கல்லூரி வாயிலில் நின்று, கருத்தைக் கண்டு அஞ்சாமல் மொழியைக் கண்டு அஞ்சுகின்றானே, அக்குறை யாருடையது?

நமக்குள்ளும் ஒரு பிழை உண்டு; அதனையும் சொல்லிவிடுகின்றேன். அணு என்னும் சொல் நம் பழம்பாடல்களில் உண்டு என்பதைக் கொண்டு, துளிம இயங்கியலையே நம் முன்னோர் கண்டுவிட்டனர் என்று மேடையில் முழங்குவோர் உளர். அது முன்னோரைப் போற்றுவதாகாது. அவர்கள் காணாததைக் கண்டனர் என்பது பொய். பொய்யினால் மொழி வளராது. உழைத்துக் கற்க வேண்டிய இளைஞனை அப்பொய் உறங்கவைக்கும். கலைச்சொற் பட்டியல்களை அடுக்கிவைப்பதும் போதாது. பட்டியல் விதை, விதைத்தால்தான் பயிர்.

ஆகவே ஒன்று வேண்டுகின்றேன். இங்குள்ள இயற்பியல் மாணாக்கர் ஒவ்வொருவரும் தாம் நன்கறிந்த ஒரே ஒரு பாடத்தைத் தமிழில் எழுதுங்கள். ஆங்கில நூலைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காதீர்கள்; பொருளை வாங்கிக்கொண்டு உங்கள் தம்பிக்குச் சொல்வதுபோல் எழுதுங்கள். எழுதியதை அத்துறை வல்லார்க்குக் காட்டிப் பிழை களையுங்கள். பின்னர்த் துறை அறியாத ஒருவர்க்குப் படித்துக் காட்டுங்கள். அவர் நெற்றி சுருங்கும் இடத்தை மீண்டும் எழுதுங்கள்.

என் நண்பருக்கு இப்பொழிவின் படியொன்றை விடுக்க இருக்கின்றேன். இதில் பிழையிருந்தால் அவர் திருத்தட்டும், தமிழிலேயே திருத்தட்டும். அவர் திருத்தி எழுதும் அந்த முதல் வரியோடு, அணுவின் உள்ளே தமிழ் நுழையுமா என்னும் வினா முடிந்துவிடும்.